பின்னால் நடந்தவன்

மார்ச் 4

அக்காவுக்கு,

நேற்றிலிருந்து நீ கூப்பிடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன், காலத்துக்கும் நீ அதைச் சொல்லிக்காட்டுவாய். அதனால் எழுதுகிறேன்.

இன்டர்வியூ நடந்த லட்சணத்தைக் கேள். சரக்கு லாரி கம்பெனி, யார்டு மேற்பார்வையாளர் வேலை. மாடியில் ஓர் அறை, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கீழே யார்டு அப்படியே தெரிகிறது. கிடங்குக் கதவுகளை நோக்கி லாரிகள் பின்னோக்கி வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு வண்டிக்கும் பின்னால் நின்று வழிகாட்ட ஆள் கிடையாது. வேலை கிடைத்ததும் முதலில் இதைத் திருத்த வேண்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அதைச் சொல்லக்கூட எனக்கு வாய்ப்பு வரவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா, அவர்தான் மேலாளர். நீ எழுதித் தந்த பயோடேட்டாவைப் படித்துக்கொண்டே வந்தவர் இரண்டாவது பத்தியில் விரலை நிறுத்திவிட்டு, பக்கத்திலிருப்பவரைப் பார்த்தார். அந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"மண்சரிவு, மூடுபனி, ஒரு பக்கம் பள்ளம், ஒன்பது ராணுவ லாரி. திருப்ப இடமில்ல. நீங்க பின்னாடியே நடந்து, ஒவ்வொரு வண்டியா ரிவர்ஸ்ல இறக்கிட்டு வந்தீங்க. அதானே?"

"ஆமா மேடம்."

"அந்த மலையில மொத்தம் எத்தனை பேர்தான் நடந்தீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கோப்பிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து என் முன்னால் பரப்பினார். மூன்றிலும் அதே மண்சரிவு, அதே மூடுபனி, அதே ஒன்பது லாரி. அதில் ஒருத்தன் கடற்படைக்காரன், அக்கா. கப்பலில் காலம் தள்ளியவன் மலையில் லாரி இறக்கியிருக்கிறான்!

"மூணு பேரையும் பொய்னு திருப்பி அனுப்பிட்டோம். நீங்க நாலாவது" என்றார். இது என்னுடையது மேடம், நிஜமாகவே என்னுடையது என்றேன். "அவங்களும் அதைத்தான் சொன்னாங்க."

நாலு காகிதத்தின் அடியிலும் நீ பயோடேட்டா எழுதச் சொல்லிக்கொடுக்கும் முன்னாள் படைவீரர் மையத்தின் முகவரி. அப்பா சாகும்வரை சொல்லிச் சொல்லிப் பூரித்த விஷயம் அது. அதை நீ கடைத்தெருவில் துண்டுச்சீட்டு மாதிரி விநியோகம் செய்திருக்கிறாய். கூடப்பிறந்தவளே இப்படிச் செய்தால் நான் வேறு யாரிடம் போய் நிற்பது?

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

ஆமாம், கொடுத்தேன்.

எங்கள் வகுப்புக்கு வருகிறவர்களை நீ பார்த்ததில்லை. 'உங்க சாதனை என்ன?' என்று கேட்டால் 'இட்ட கடமையைச் செய்தேன்' என்று ஒரே வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். பாதி ஆயுளை வாகனப் பிரிவில் கழித்தவர் 'வண்டி ஓட்டத் தெரியும்' என்கிறார். பீரங்கிப் பிரிவுக்காரர் ஒருவர் 'எந்தச் சத்தத்துக்கும் பயப்பட மாட்டேன்' என்று எழுதிக் கண்ணாடிச் சாமான் கடைக்கு அனுப்பியிருந்தார். இவர்களுக்குக் காட்ட ஒரு நல்ல மாதிரி வேண்டியிருந்தது. என்னிடம் இருந்ததிலேயே நல்லது உன்னுடையது. பெயரையும் பிரிவையும் எடுத்துவிட்டு நகல் போட்டேன்.

"இது மாதிரிதான். இதைப் பாத்து உங்க கதையை எழுதுங்க" என்று தொண்டை வறளச் சொன்னேன். ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். ஒரு மாதிரியைக் கையில் கொடுத்து 'இதுபோல் செய்' என்றால், இம்மி பிசகாமல் அப்படியே செய்வதற்குத்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறார்கள். உன் பெயர் இருந்த இடத்தில் நான் ஒரு கோடு போட்டிருந்தேன். ஒருவர் அந்தக் கோட்டையும் அதே நீளத்தில் போட்டிருக்கிறார்.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. இதற்கு மேல் எனக்கு நியாயம் கிடையாது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் உன் வேலையை நானே மீட்டுத் தருவேன். அந்த மாதிரித்தாள் உன் வாழ்க்கையிலிருந்து எடுத்தது, நீதான் அசல் ஆள் என்று மையத்தின் முத்திரையோடு கம்பெனிக்கு எழுதப்போகிறேன். அன்றைக்கு உன்னோடு அந்த மலையில் இருந்தவர் ஒருவர் இரண்டு வரி எழுதித் தந்தால் இன்னும் பலமாக இருக்கும். யாரையாவது சொல்.

அக்கா

மார்ச் 14

அக்காவுக்கு,

ஆளெல்லாம் தேடாதே. எவன் எங்கே இருக்கிறானோ, யாருக்கு என்ன ஞாபகமோ. நீ எழுதினால் போதும்.

வீட்டில் இவள் முகம் கொடுத்துப் பேசி ஒரு வாரம் ஆகிறது. அத்தை எழுதித் தந்ததால் அப்பாவுக்கு வேலை நிச்சயம் என்று மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அவளிடம் என்ன சொல்வது என்பதற்கும் உன்னிடம் ஏதாவது மாதிரித்தாள் இருந்தால் அனுப்பு.

தம்பி

மார்ச் 28

தம்பிக்கு,

நீ ஆள் தேடாதே என்றாய். நான் தேடவில்லை. ஆளே வந்துவிட்டார்.

கம்பெனிக்குக் கடிதத்தைத் தபாலில் போட்ட கையோடு, மாதிரித்தாள் வாங்கிப்போன எல்லோரையும் திருத்தி எழுத வரச் சொல்லியிருந்தேன். அதில் ஒருவர் நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். வகுப்பில் எல்லோரும் அவரை ஒட்டடை என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் அதற்குத்தான் திரும்புகிறார். வலது காலைப் பக்கவாட்டில் வைத்து நடப்பார். ஜனவரி வகுப்பில் மாதிரித்தாளை வாங்கிப் படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தவர். 'சாதனை' என்ற இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார். "ஏதாவது ஒண்ணு இருக்கும், யோசிங்க" என்று அதட்டினேன். "இருந்துச்சு மேடம். இப்ப இல்ல" என்றார். வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்து, வீட்டில் உன் அத்தானிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

இந்த முறை எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். அது என் தம்பியின் அனுபவம், உங்களால் அவனுக்குக் கிடைக்க இருந்த வேலை போய்விட்டது என்றேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் மட்டும் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. மற்றவர்கள் போனதும் என் மேசைக்கு வந்தார்.

"உங்க தம்பியா மேடம்? அப்ப ஒண்ணு கேக்கணும். தம்பிக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

அவர் உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றினார். பாதத்தின் முன்பாதி இல்லை. ஷூவின் முனையில் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்.

"ஒன்பதாவது வண்டி" என்றார். "எட்டை இறக்கியாச்சு. மூடுபனியில டிரைவருக்கு நான் தெரிய மாட்டேன், அதனால வண்டி உடம்புல கையால தட்டிக்கிட்டே நடந்தேன். ஒரு தட்டுன்னா வா, ரெண்டு தட்டுன்னா நில்லு. கடைசி வண்டியில சார்ஜண்ட் உக்காந்திருந்தார். எனக்கு ஒதுங்க இடமில்லாம போச்சு, ரெண்டு தட்டுனேன். உள்ள கண்ணாடிய ஏத்தி விட்டிருந்தாங்க. குளிர் பாருங்க. டிரைவருக்கு ஏதோ கேட்டிருக்கு. 'வான்னுதான் தட்டுறான், எடு'ன்னு சொன்னது சார்ஜண்ட்."

அவர் ஷூவை மாட்டிக்கொண்டே, "சார்ஜண்டுக்குப் பாராட்டுப் பத்திரம் படிச்ச அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். கைதட்டுற வேலை மிச்சமாச்சு" என்றார்.

படையிலிருந்து அவரை விடுவித்த காகிதத்தையும் காட்டினார். 'சொந்தக் கவனக்குறைவால் ஏற்பட்ட காயம்' என்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எந்த லாரிக் கம்பெனி அவரை உள்ளே விடும்? அடியில் பொறுப்பாளர் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் ரிப்போர்ட் கார்டில் அப்பாவின் கையெழுத்தைப் போடப் பழகியவன் நீ. இதிலும் அதே கடைசிச் சுழி.

எனக்கு ஒரே ஒரு வரி எழுது. 'அவன் பொய் சொல்கிறான்' என்று எழுது. நான் உன் அக்கா, நம்பிவிடுவேன்.

அக்கா

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

ஷூவைக் கழற்றிக் காட்டிய ஒருத்தனை ஒரே நாளில் நம்பிவிட்டாய். நான் உன் இடுப்பில் வளர்ந்தவன்.

அன்றைக்கு அந்த ஒன்பது வண்டிக்கும் பொறுப்பு நான். ஒன்று பள்ளத்தில் உருண்டிருந்தால் ஒட்டடையையா கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள்? என் கழுத்துக்குத்தான் கத்தி. பின்னால் எடுக்கலாம் என்று முடிவெடுத்ததும் நான்தான், நீ நடந்து வா என்று அவனை இறக்கிவிட்டதும் நான்தான். படையில் நடப்பவன் ஒருத்தனாக இருப்பான், பெயர் பொறுப்பாளருக்குப் போகும். திட்டும் அப்படித்தான் வரும். இது உனக்குப் புரியாது. உனக்கு நாற்காலியும் காகிதமும்தான் தெரியும்.

அப்புறம் ஒன்று. 'நாங்க இறக்கினோம்' என்றுதான் நான் உன்னிடம் சொன்னேன். "கம்பெனிக்கு உன் பட்டாளம் முழுசுமா வேலைக்கு வரப்போகுது? நான்னு எழுது" என்று சிவப்புப் பேனாவால் அடித்தது யார்? வருகிறவர்களுக்கெல்லாம் நீ கற்றுக்கொடுப்பது இதைத்தானே? இப்போது மட்டும் என்னைக் கூண்டில் ஏற்றுகிறாய்.

கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். உன் கடிதம் கிடைத்ததாம், அந்த அம்மா வருத்தம் தெரிவித்தார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். 'அத்தை சரி பண்ணிட்டாங்க' என்று மகள் வீட்டைச் சுற்றி ஓடுகிறாள். இந்த நேரத்தில் எதையும் கிளறாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 7

சார்ஜண்ட் அவர்களுக்கு,

ஒரு வரி கேட்டேன். பக்கம் முழுக்க எழுதியும் அந்த ஒரு வரியை நீ எழுதவில்லை.

'நாங்க' என்பதை நான் அடித்தது உண்மை. அப்பாவிடம் சொன்னபோது யார் அடித்தார்கள்? கூடத்தில் நாற்காலிகளை லாரியாக வரிசை வைத்து, நீதானே பின்னால் நடந்து காட்டினாய்? நாற்காலி முதுகில் உள்ளங்கையால் தட்டிக் காட்டினாய். ஒரு தட்டு வா, இரண்டு தட்டு நில். அப்பா கடைசி நாட்களில் கட்டில் கம்பியில் தட்டித் தட்டி நர்ஸுக்கு அதைச் சொன்னார். அந்தத் தட்டு இன்னொருவருடைய கை என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார். எனக்கு வயிறு எரிகிறது. நான் உன் காகிதத்தைத் திருடிக் கொடுத்தேன் என்று குற்ற உணர்ச்சியில் சோறு இறங்காமல் கிடந்தேனே, அதை நினைத்தால் இன்னும் எரிகிறது. உன்னிடமிருந்து காப்பியடித்தவர்களைச் சொல்கிறாயே, முதல் காப்பி நீ.

அது மட்டுமா? உனக்காக என் கையால், மையத்தின் முத்திரை குத்தி, பொய்ச் சாட்சி எழுத வைத்துவிட்டாய். அதைத் திரும்பப் பெறலாம் என்று இரண்டு தடவை காகிதம் எடுத்தேன். உன் மகளின் முகம் வந்து நின்றது. உன் வேலையில் நான் மண்ணைப் போட மாட்டேன்.

பதிலுக்கு ஒன்று செய். அந்தக் காயம் அவருடைய கவனக்குறைவால் ஏற்பட்டதில்லை என்று, பொறுப்பில் இருந்தவனாக நீ எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உறையில் என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி இதோடு வைத்திருக்கிறேன். அந்தச் சிரமம்கூட உனக்கு வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

வேலையில் சேர்ந்துவிட்டேன். சீருடை கொடுத்திருக்கிறார்கள். யார்டின் ஓரத்தில் எனக்கென்று கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. ஹீட்டரும் உண்டு.

நீ கேட்டதை எழுதி, கையெழுத்துப் போட்டு உன் உறையிலேயே வைத்திருக்கிறேன். 'வாகனங்களைப் பின்னோக்கி நகர்த்தும் பணியின்போது, எதிர்பாராத விதமாக அன்னாருக்குக் காயம் ஏற்பட்டது.' இதற்கு மேல் என்னால் முடியாது. முன்னே எழுதியதற்கு நேர் எதிராக எழுதினால் என்னைத்தான் தோண்டுவார்கள். யாரையும் குறை சொல்லாமல் எழுத வேண்டும் என்று வகுப்பில் சொல்வாயே, அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 24

தம்பிக்கு,

நீ அனுப்பிய காகிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அன்னாராம்! அவர் பெயரைக்கூட நீ எழுதவில்லை.

ஒட்டடைக்கு நானே பயோடேட்டா எழுதினேன். 'சாதனை' என்ற இடத்தில் மண்சரிவும் மூடுபனியும் ஒன்பது லாரியும் வந்திருக்கின்றன. காயத்தைப் பற்றி அவர் சொன்னபடியே எழுதினேன். உள்ளே இருந்தவர் யார் என்று எழுதவில்லை, அவர் வேண்டாம் என்றுவிட்டார். எந்தக் கம்பெனிக்கு அனுப்புவது என்று கேட்டேன். "மாதிரித்தாள் எங்க வேலை செஞ்சுச்சோ அங்கயே" என்றார். நான் தடுக்கவில்லை.

மே ஆறாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதே மலையை இறக்கிய ஐந்தாவது ஆள். அந்த அம்மா இந்தத் தடவை சிரிக்க மாட்டார், நிஜமா என்று விசாரிக்கக் கீழேயே ஒருவன் சீருடை போட்டு உட்கார்ந்திருக்கிறான். உன்னை மாடிக்குக் கூப்பிடுவார்கள். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று நான் உனக்கு எழுதித் தரப்போவதில்லை.

அக்கா

மே 6

அக்காவுக்கு,

கூப்பிட்டார்கள்.

அதே கண்ணாடி அறை. ஒட்டடை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் "வணக்கம் சார்ஜண்ட்" என்றான். பழைய குரல்தான். அந்த அம்மா இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது உங்களது, இது இவரது. இவர் உங்களுக்குக் கீழ இருந்தவராமே. நீங்களே சொல்லுங்க, நாங்க எதை நம்புறது?"

நான் தண்ணீர் கேட்டேன்.

தண்ணீர் எடுத்துவர ஆள் போனது. அப்போது யார்டின் அந்தக் கோடியிலிருந்து ஒரு லாரி பின்னோக்கி வர ஆரம்பித்தது. கிடங்குக் கதவுக்கு முன்னால் ஒருத்தன் லாரிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தான். ரிவர்ஸ் சத்தம் அங்கே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பதால் யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. நாங்கள் மூன்று பேருமே பார்த்தோம். அந்த அம்மா எழுந்து ஜன்னலைத் தட்டினார். அது தடிமனான கண்ணாடி, கீழே கேட்காது. திரும்பிப் பார்த்தால் ஒட்டடையின் நாற்காலி கவிழ்ந்து கிடக்கிறது. அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படிப் படி இறங்கினானோ தெரியவில்லை.

அடுத்து அவனை யார்டில்தான் பார்த்தோம். நொண்டிக்கொண்டே ஓடி, லாரியின் பின்மூலையில் உள்ளங்கையால் இரண்டு தட்டினான். வண்டி நின்றது. கட்டிக்கொண்டிருந்தவன் அப்போதுதான் தலையைத் தூக்கினான். ஒட்டடை அவனை ஓரமாக இழுத்து நிறுத்திவிட்டு, மறுபடி வண்டிக்குப் பின்னால் போனான். ஒரு தட்டு, நடை, ஒரு தட்டு, நடை. கதவு வரைக்கும் கொண்டு போய் விட்டான். மாடியிலிருந்து எங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை, கை மட்டும் தெரிந்தது.

தண்ணீர் வந்தது, குடித்தேன். அந்த அம்மா வெகுநேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து உட்கார்ந்து இரண்டு காகிதத்தையும் கோப்பில் வைத்து மூடினார். எதை நம்புவது என்று அவர் மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது.

நாளைக்கு வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை. ஒட்டடை மேலே திரும்பி வந்து கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டான். நீ அனுப்பிய ஆள் ஜெயித்துவிட்டான், சந்தோஷப்படு. உன் தம்பியை நீயே கொண்டுபோய் அங்கே நிறுத்தினாய், அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் அந்த அம்மா கடைசியாக ஒன்று கேட்டார். "இந்த யார்டுக்கு நீங்கதானே மேற்பார்வையாளர்? நீங்க ஏன் எழுந்து போகல?"

கேள்வி எதுவானாலும் அதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது என்பாயே. இதற்கு என்ன பதில், அக்கா? எழுதி அனுப்பு.

தம்பி